ஏழாவது மசோதா

வாஷிங்டனில், நாடாளுமன்றக் குழு அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் வெர்லினும் அவர் மனைவி டெல்ஃபியாவும் சாட்சி சொல்லக் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள். முப்பது வருடம் சுரங்கத்தில் நிலக்கரித் தூசியைச் சுவாசித்த நுரையீரல் அவருக்கு. மூக்கில் குழாய், காலடியில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டர். கதவில் ஒட்டிய தாளில் இன்றைய மசோதாக்கள் வரிசையாக இருக்கின்றன: பாலம், மீன்வளம், ஒரு தபால் நிலையத்துக்குப் பெயர். சுரங்கத் தொழிலாளர் மருத்துவம் ஏழாவது. மீனிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. உயர்ந்த ஜன்னலின் வெயில் அவர் பூட்ஸைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறுகிறது. டெல்ஃபியா குனிந்து பார்க்கிறாள். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்பை நெருங்கிவிட்டது. "காருல இன்னொண்ணு இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வரட்டுமா?" "நீ அந்தப் பக்கம் போனதும் கூப்பிடுவாங்க. உக்காரு. மீனுக்கே இவ்வளவு பேசுறவங்க நமக்கு ரெண்டு வார்த்தை பேச மாட்டாங்களா?" சிரிக்கப் போய் இருமுகிறார். இருமல் நிற்க நேரமாகிறது.

கதவு திறக்கிறது. "ஏழாவது எடுக்குறாங்க, வாங்க" என்கிறாள் அலுவலகப் பெண். வெர்லின் எழுந்து மூக்குக் குழாயைக் கழற்றப் போகிறார். "சீக்காளி மாதிரியா போய் நிக்கிறது?" டெல்ஃபியா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறாள். "இருக்கட்டும். பாக்கட்டும் அவங்க." உள்ளே நீண்ட மேசைக்குப் பின்னால் பாதி நாற்காலிகள் காலி. கிளம்புவதற்காகக் கோட்டில் ஒரு கையை நுழைத்துவிட்ட உறுப்பினர் ஒருவர், வெர்லினைப் பார்க்கிறார். பிறகு, அரைக் கோட்டோடு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.