கட்டத்தின் அளவு

"ஆப்புலருந்து என் பேரை எடுத்துருங்க மேடம். தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாருங்க."

தொலைபேசியில் பூங்கொடியின் குரல் மூச்சளவே இருந்தது.

"யாரு?"

"வீட்டுக்காரருங்க. அவரை விட்டு வந்து ரெண்டு வருசமாச்சு. இந்த வீடு அவருக்குத் தெரியாதுங்க."

செயலி நிறுவனத்தில் மறுமுனையில் இருந்தவள் கணினியில் பூங்கொடியின் பதிவைத் திறந்தாள்.

வீட்டில் சமைத்து விற்கும் பெண்களைத் தேடித் தரும் செயலி அது. அவர்கள் இருக்குமிடம் வரைபடத்தில் ஒரு கட்டமாகத் தெரியும். எண்ணைக் கூட்டினால் கட்டம் சுருங்கும். ஐந்து என்றால் ஒரு பேட்டையே. எட்டு என்றால் ஒரு வீடு.

கட்டம் பெரிதாக இருப்பதால் ஆர்டர் வரவில்லை என்று மேலாளர் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

காலையில்தான் ஐந்தை எட்டாக்கினாள்.

திரையில் தேடல்கள் ஓடின. பூங்கொடி, ஒண்டிப்புதூர். ஒரே கைபேசியிலிருந்து, திரும்பத் திரும்ப.

விரல் 'நீக்கு' மேல் போய் நின்றது.

அவன் அங்கே நிற்கும்போதே பெயர் மறைந்தால், பூங்கொடி தன்னைப் பார்த்துவிட்டாள், வீடு இங்கேதான் என்று அவனுக்கு உறுதியாகிவிடும்.

எட்டை அழித்தாள். ஐந்து.

எல்லாப் பெயர்களையும் புதிய கட்டங்களில் அடுக்கி முடிக்கும்வரை பழையதுதான் தெரியும். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு ஊர்ந்தது.

கதவு தட்டும் சத்தம் தொலைபேசி வழியே அவளுக்கும் கேட்டது.

"பக்கத்து வீடுங்க," என்றாள் பூங்கொடி.

கோடு பாதியைத் தாண்டியது.

பக்கத்து வீட்டில் யாரோ பேசினார்கள். தெரியாது என்பதுபோல் இருந்தது.

கோடு முடிந்தது.

அவன் மறுபடி தேடினான். கட்டம் விரிந்தது. தெருவை, மில்லை, ரயில் பாதையை விழுங்கியது.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"போறாருங்க."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"மேடம், இப்ப அந்தக் கட்டம் எவ்வளவு பெருசுங்க?"

"உங்க ஏரியா பூராவும் வருதுங்க. இனி வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது."



"பாப்பா ஸ்கூல் அதுக்குள்ள வருங்களா?"

வரைபடத்தைப் பார்த்தாள். கட்டத்தின் நடுவில் ஒரே ஒரு பள்ளிக்கூடம். விடும் நேரம்.

அவனுடைய கடைசித் தேடல், சற்றுமுன், பள்ளிக்கு முந்தைய தெருவிலிருந்து வந்திருந்தது. பிறகு அவன் எதையும் தேடவில்லை.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"நான் ஸ்கூலுக்குப் பேசறேன். போலீசுக்கும் சொல்றேன். பாப்பா பேரச் சொல்லுங்க."