அப்படியே இன்னொரு கடை

“இன்னும் மருந்துக் கடையிலயா நிக்கிறே? ஆமைகூட உனக்கு முன்னால வீடு வந்து சேர்ந்துடும்!” போனில் மாமியார் சீறினாள்.

“வந்துடறேன் அத்தை. அவர் எழுந்துட்டாரா?”

“தூங்குறான். நீ அப்படியே காய்கறிக் கடைக்கும் போயிட்டு வா.”

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் கணவன் கண் விழிக்கும்போது அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். போன வாரம் தாமதமாய்ப் போனதற்கு வாங்கிய அடியில் மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருந்தது. ‘எல்லாம் நடக்கிற தூரம்தானே, உனக்கெதுக்கு வண்டி?’ என்று ஸ்கூட்டர் சாவியையும் அன்றே பிடுங்கிக்கொண்டான்.

“இந்த மாத்திரையை முந்தாநாள்தானே உங்க மாமியார் வந்து வாங்கிட்டுப் போனாங்க?” என்றார் கடைக்காரர்.

அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஏது நேரம்? மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். குழந்தையையாவது வீட்டில் விடலாமென்றால், ‘என் உயிரை வாங்குவா, இழுத்துட்டுப் போ’ என்று விரட்டியிருந்தாள் அந்தப் புண்ணியவதி.

காய்கறி வாங்கி முடிப்பதற்குள் மறுபடியும் போன்.

“அப்படியே பஸ் ஸ்டாண்டு எதிர்ல தையல் கடை இருக்குல்ல, அங்க என் துணியை வாங்கிட்டு வந்துடு.”

“அத்தை, அது எங்கேயோ இருக்கு! நடந்து போய் வர்றதுக்குள்ள அவர் எழுந்துடுவார். என்னைக் கொன்னே போட்டுடுவார்!”

“எதிர்த்துப் பேசாதே. போ!”

இவளும் ஒரு பெண்தானா? வெயிலில், பிள்ளையும் பையுமாக, ஓட்டமும் நடையுமாகத் தையல் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

தையல்கார அக்கா பெரிய பையொன்றை எடுத்து வைத்தாள். மேலே மகளின் கவுன்கள். அடியில் அவளுடைய உடுப்புகள், காலேஜ் சர்டிபிகேட்டுகள்.

“முட்டி வலியோட, கொஞ்சம் கொஞ்சமா நடந்தே கொண்டுவந்து சேர்த்தாங்க உங்க மாமியார்.”

உடனே மாமியாருக்குப் போன் போட்டாள். “அத்தை… முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். அவங்கப்பன்கிட்ட நான் பட்டது போதும். உங்கம்மாகிட்ட பேசிட்டேன், காத்துட்டிருக்கா. பஸ் ஏறு.”

“நீங்க, அத்தை?”

“என் பிள்ளையை நான் பார்த்துக்கறேன். இந்தப் பக்கம் திரும்பி வந்தே, காலை ஒடிச்சிடுவேன்!”