பெட்டியோடு சேர்த்து

மதிய இடைவேளைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் மகளைப் பார்சல் தராசில் படுக்க வைத்தேன்.

பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இந்தக் கூரியர் ஆபீசில் நான் ஒருத்திதான் ஆள். பிள்ளை என் காலடியில், ஒரு காலி அட்டைப்பெட்டியில்தான் வளர்கிறாள்.

தராசு காட்டிய எண்ணை மனதில் வாங்கிக்கொண்டேன். பால் கொடுத்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும். எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு பால் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். புட்டியென்றால் பார்த்ததும் தெரியும். என்னிடம் என்ன கோடா போட்டிருக்கிறது?

வீட்டுக்காரர் கப்பலில். சிக்னல் கிடைத்தால் பேசுவார். மாமியார்தான் தினமும் பேசுவார். நேற்று முடிவாகவே சொல்லிவிட்டார்.

"உன் பால் புள்ளைக்குப் பத்தல. நாளன்னைக்கு வந்து தூக்கிட்டுப் போறேன். புட்டிப்பால் குடுத்து நானே தேத்திக்கிறேன்."

சரிங்க அத்தை என்றேன். வேறு என்ன சொல்ல, எனக்கே தெரியாதபோது?

மகள் குடித்தாள். குடித்தாளா, சும்மா வாயில் வைத்துக்கொண்டு கிடந்தாளா, சத்தியமாகத் தெரியவில்லை. பாதியில் துணியை நனைத்தாள். அதை உருவி பெஞ்சில் போட்டுவிட்டு, கையிலிருந்த ஒரே காய்ந்த துணியைக் கட்டி, மிச்சப் பாலையும் கொடுத்தேன்.

தராசில் வைத்தேன். அதே எண்.

ஒரு பொட்டுகூட ஏறவில்லை.

அவளைப் பெட்டியில் கிடத்திவிட்டு, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து அழுதேன். ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றும் நிற்கவில்லை.

உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது. சே என்று அடியிலிருந்த துணியை இழுத்தேன். கனத்தது.

அப்போதுதான் உறைத்தது. அடி மடச்சி!

பெட்டி, பஞ்சு, டேப் எல்லாம் சேர்த்துத்தான் எடை என்று நாள் முழுக்க வருகிறவர்களிடம் மல்லுக்கு நிற்கிறவள் நான். என் பிள்ளைக்கு மட்டும், வெளியே வந்ததை எடை போடாமல் விட்டிருக்கிறேன்.

மறுபடி தராசு. காய்ந்த துணியை அவிழ்த்துவிட்டு, அந்த ஈரத்துணியையே அவள்மேல் போட்டேன். வீலென்று கத்தினாள். எண் ஏறியது. ஏறி, நன்றாகவே ஏறி நின்றது.

குடித்திருக்கிறாள் கழுதை. குடித்த கையோடு வெளியே அனுப்பவும் அனுப்பியிருக்கிறாள்!

காய்ந்ததைத் திரும்பக் கட்டினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கப்பலுக்குப் போட்டேன், மணியே அடிக்கவில்லை. அடுத்து யாருக்குப் போடுவது என்று யோசித்துப் பார்த்து, போனை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

வேன் டிரைவர் வந்து பார்சல்களை ஏற்றினார். கடைசியாக ஜன்னலோரம் இருந்த சின்னப் பெட்டியில் கை வைத்தார்.

"அது போகாது அண்ணே."

அவருக்கென்ன, தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். வேன் கிளம்பிய சத்தத்தில் மகள் மறுபடி நனைத்தாள். அந்த ஒரே காய்ந்த துணியும் போயிற்று.

கத்தியை எடுத்து, அந்தச் சின்னப் பெட்டியில் காலையில் நானே ஒட்டிய டேப்பைக் கிழித்தேன். மேலே மாமியாரின் விலாசம், என் கையெழுத்தில். மகளுக்கு முன்னாடியே போய்ச் சேரட்டும் என்று கட்டிவைத்த அவளுடைய மற்ற துணிகளெல்லாம் அதற்குள்தான் இருந்தன.