டீகனின் மீன்தொட்டி

லாக்லனின் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதுமே பிரான்வின் போலீசுக்கு போன் அடித்துவிட்டாள்.

பதினைந்து நிமிடத்தில் வருகிறோம் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் இந்த மக்காய் ஊரில் சனிக்கிழமை மத்தியானம் பதினைந்து நிமிடம் என்றால் இருபத்தைந்து என்று அர்த்தம்.

போனை வைத்துவிட்டு, ஜாடியில் மிச்சமிருந்த தண்ணீரை மீன்தொட்டிக்குள் நிதானமாக ஊற்றி முடித்தாள். கடல் மீன்களுக்கான தொட்டி. வெயிலில் ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. டீகன் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

டீகன், லாக்லனின் மனைவி. நான்கு மாதமாக அவனை விட்டு விலகி, மகளோடு இந்த வாடகை வீட்டில் இருக்கிறாள். மூன்று வார விடுமுறைக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியை அவள் நம்பிக் கொடுத்தது பிரான்வின் ஒருத்தியிடம்தான்.

கம்பிவலைக் கதவு ஒரே உதையில் பெயர்ந்து விழுந்தது. லாக்லன் சுரங்க வேலைக்குப் போடும் பூட்ஸோடு உள்ளே வந்தான். கையில் வீல் ஸ்பேனர்.

“எங்க அவ?”

“லீவுக்குப் போயிருக்கா.”

“எங்கன்னு கேட்டேன்.”

பிரான்வின் ஜாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

அவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். சுவரில் சாய்ந்து, மெதுவாகச் சறுக்கி, தரையில் உட்கார்ந்தாள்.

அவன் அலமாரியைக் கவிழ்த்தான். மேசை இழுப்பறையை உருவித் தரையில் கொட்டினான். காகிதங்களைக் காலால் கிளறினான். பிறகு நிமிர்ந்தான். அவன் பார்வை தொட்டியின் பக்கம் போனது.

அப்போதுதான் பிரான்வினுக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தாளின் கடைசி வரியில், அவசரத்துக்கு என்று, டாஸ்மேனியாவில் ஒரு விலாசம் எழுதியிருந்தது. வீட்டு எண்ணோடு, தெருப் பெயரோடு. டீகனும் குழந்தையும் இந்நேரம் அங்கேதான் இருப்பார்கள்.

லாக்லன் தொட்டியை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். தாளில் என்ன இருக்கிறது என்று கண்களைச் சுருக்கினான்.

எழுந்து ஓடிப் போய் அதைக் கிழிக்க அவளால் முடியாது. ஆனால் அவனை எந்த இடத்தில் தொட்டால் வெடிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

“நல்லா பாத்துக்க,” என்றாள். “உன்னப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. இந்த மீனுங்களுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதி வெச்சுட்டுப் போயிருக்கா. உன்னவிட இதுங்கதான் அவளுக்கு மனுஷங்க.”

லாக்லனின் கழுத்து நரம்பு புடைத்தது.

முதல் அடியில் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் தொட்டி முழுதும் வாய் பிளந்தது. நானூறு லிட்டர் கடல் தண்ணீர் ஒரே மூச்சில் அறைக்குள் பாய்ந்து அவனை இடுப்போடு தள்ளியது. பவளப் பாறைகள் உருண்டன. மின் இணைப்புகள் படபடவென்று வெடித்து அணைந்தன. நீலம் தெறிக்க ஒரு பெரிய மீன் கம்பளத்தில் துள்ளியது. அவன் அதைப் பூட்ஸால் மிதித்தான். மறுபடி மிதித்தான். அது கூழான பிறகும் மிதித்தான்.

தொட்டியில் பூப்போல விரிந்திருந்த கடற்சாமந்தி என்ற உயிரி ஒன்று சோபாவின் காலருகே சளிக் கட்டி போலச் சுருண்டு கிடந்தது.

தாள் தண்ணீரில் மிதந்து பிரான்வினின் முழங்காலருகே வந்தது. நீல மை முழுதும் கரைந்துவிட்டிருந்தது. அவள் அதை இடது கையால் கசக்கி, உள்ளங்கைக்குள் பிசைந்து, கூழாக்கினாள்.

பிறகு ஸ்பேனர் கீழே விழுந்தது. அவனுடைய உள்ளங்கையைக் கண்ணாடி ஆழமாகக் கிழித்திருந்தது. ரத்தம் முழங்கை வரை வழிந்தது. அவன் அதையே பார்த்தபடி ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பிரான்வின் சுவரைப் பிடித்து எழுந்தாள். கவிழ்த்து வைத்த ஜாடியை நிமிர்த்தினாள். சோபாவுக்கு அடியில் தேங்கி நின்ற உப்புத் தண்ணீரை மொண்டு, கோமாளி மீன்கள் இரண்டை அதற்குள் விட்டாள். அவ்வளவுதான் பிழைத்தது. பிறகு சமையலறைத் துண்டை எடுத்து வந்து, ஒரு கையாலும் பல்லாலும் லாக்லனின் உள்ளங்கையை இறுக்கிக் கட்டினாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போலீஸ் வந்தபோது இருவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவனை வண்டியில் ஏற்றினார்கள். இளம் பெண் காவலர் ஒருத்தி பிரான்வினின் கைக்குக் கட்டை வைத்துக் கட்டிவிட்டு, குறிப்பேட்டைத் திறந்தாள்.

“கேஸ் குடுக்கிறீங்களாம்மா? கோர்ட்டுல வந்து சொல்லணும். அவன் உள்ள போவான்.”

“குடுக்கிறேன். வந்து சொல்றேன்.”

பெயரைச் சொன்னாள். லாக்லன். காவலர் எழுதிக்கொண்டாள்.

“அவனோட பிறந்த தேதி தெரியுமா?”

“எண்பத்தொம்பது, மார்ச் பதினொண்ணு. விடிகாலை நாலே கால்.”

“நேரமெல்லாம் வேண்டாம்மா,” என்றாள் காவலர், தலை நிமிராமல்.

“இருபது மணி நேரம் இடுப்பு வலி எனக்கு,” என்றாள் பிரான்வின். “கடைசில ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க.”

காவலரின் பேனா நின்றது.