குட்டைக் கைப்பிடி

"இதைவிட இலேசா வேற இருக்காண்ணே? ஆபரேஷன் ஆனவங்க பிடிக்கணும்."

மாஷிதா இப்படிக் கேட்டதும் கடைக்காரர் மருதுபாண்டி கையிலிருந்த வைப்பரைக் கீழே வைத்தார்.

"யாரும்மா ஆபரேஷன் ஆனவங்க?"

"இந்தா, எங்க மாமிதான். வீட்டு சன்னல் கண்ணாடி தொடைக்கிறதுக்கு."

மருதுபாண்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குல்சுமைப் பார்த்தார். பிறகு மாஷிதாவைப் பார்த்தார். காலை வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டார்.

கூட வந்திருந்த ஜுமானாவுக்கு மானம் போயிற்று. குல்சுமின் மூத்த மகள் அவள். உம்மாவைப் பார்க்க குவைத்திலிருந்து அரக்கப்பரக்க ஓடி வந்தவள். மார்பில் கட்டி எடுத்த உடம்பு, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தம்பி பெண்டாட்டி என்னடாவென்றால் மண்டபத்திலிருந்து இராமநாதபுரம் வரை கூட்டி வந்து, மாமியார் வேலை செய்யச் சாமான் வாங்கிக் கொடுக்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்.

"துணி வெச்சுத் தொடைக்கிறதுக்கு என்ன?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஈரத் துணியப் பிழிஞ்சா மாமிக்குக் கை வலிக்குது மச்சி."

"நீ பிழிஞ்சா வலிக்காதுல்ல?"

மாஷிதா காதில் விழாதவள் போல அடுத்த வைப்பரை எடுத்து நீட்டினாள். குல்சும் அதை வாங்கி, புடலங்காய் வாங்குகிறவள் மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இது கனக்குது. இரும்புப் பிடி."

தண்ணீர் டப்பா பொருத்திய இன்னொன்று வந்தது. தண்ணீர் ஊற்றினால் அதுவும் கனக்கும் என்று மாஷிதாவே ஒதுக்கிவிட்டாள். கடைசியில் குட்டைப் பிடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வைப்பர் குல்சுமுக்குப் பிடித்துப்போயிற்று.

மருதுபாண்டிக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் வைப்பரில் மாட்டும் அலுமினியக் கம்பு ஒன்றைக் கொண்டு வந்தார்.

"இத எடுத்துக்கங்கம்மா. இழுத்தா நீளும். அம்மா கையத் தூக்கவே வேணாம், நின்ன எடத்துலயே தொடைச்சிரலாம்."

ஜுமானாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்நிய மனுஷனுக்கு இருக்கும் இரக்கம் இவளுக்கு இல்லையே.

"நீளக் கம்பு வேணாம்ணே," என்றாள் மாஷிதா. "குட்டைப் பிடியே குடுங்க."

"கையத் தூக்கினா உம்மாவுக்கு வலிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மச்சி."

அவ்வளவுதான் பதில். ஜுமானா அங்கேயே முடிவு செய்துவிட்டாள். உம்மாவை இவளிடம் விட்டுப் போவதில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டு, விசா எடுத்து, கையோடு கூட்டிப் போய்விட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாஷிதா தேநீர் போடப் போனாள். ஜுமானா பீரோவைத் திறந்து உம்மாவின் சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"எங்கூட குவைத்துக்கு வாங்க உம்மா. அங்கன நீங்க ஒரு துரும்பை நகத்த வேணாம்."

"அதுதான் புள்ள எனக்குப் பயமா இருக்கு," என்று குல்சும் சிரித்தாள். பிறகு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப இந்தக் கை இடுப்புக்கு மேல எழும்பல. தொழுகையில ஒத்தக் கையத் தூக்கித்தான் தக்பீர் கட்டுவேன். சுவத்துல விரல வெச்சு மெல்ல மெல்ல மேல ஏத்துங்க, இல்லாட்டி தோள் இறுகிப்போகும்னாரு டாக்டர். உசிரு போற வலி. சுவத்துல ஏற நான் என்ன பல்லியான்னு கேட்டுட்டுப் படுத்துட்டேன். மாஷிதா கெஞ்சிப் பாத்தா, அழுது பாத்தா. நான் அசையல. ஒருநாள் சன்னல் தொடைக்கிறத நிறுத்திட்டா."

"நிறுத்திட்டாளா?"

"கடல் பாத்த வீடு. உப்புக் காத்து கண்ணாடிய மூடிருச்சு. எனக்குத் தாங்குமா? நானே எந்திரிச்சுத் தொடைச்சேன். கொஞ்சங்கொஞ்சமா கை தோள் வரைக்கும் வந்துருச்சு."

"இத அவ கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் பக்கத்துல உக்காந்திருக்கப்ப எப்படிச் சொல்லுவா? பயிற்சின்னு தெரிஞ்சா நான் விட்டுருவேன்னு பயம் அவளுக்கு. எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியாது. நீயும் காட்டிக்கிராத."

குல்சும் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ வந்ததுலேர்ந்து என்னைய எதையும் தொட விடல. சோறுகூட ஊட்டி விட்டே. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா காலையில தக்பீர் கட்டுறப்ப கை பாதியிலயே நின்னுருச்சு. அதப் பாத்துட்டுத்தான் அவ இன்னிக்குக் கடைக்குக் கெளப்பினா."

ஜுமானாவுக்கு வெட்கமாக இருந்தது. எடுத்துப்போட்ட சேலைகளை ஒவ்வொன்றாக பீரோவில் திரும்ப வைத்தாள்.

மாஷிதா தேநீரும் புது வைப்பருமாக உள்ளே வந்தாள்.

"சன்னல் அழுக்கா இருக்கு மாமி. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு," என்றாள் நாத்தனாரை நிமிர்ந்து பார்க்காமல்.

"எல்லாம் என் தலையெழுத்து," என்று முணுமுணுத்தபடி குல்சும் வைப்பரை வாங்கினாள். கீழ்ப்பாதியைத் துடைத்தாள். நெஞ்சு உயரம் வந்ததும் முகத்தைச் சுளித்தாள்; கை நின்றுவிட்டது. மாஷிதா வாசற்படியிலேயே தவித்துக்கொண்டு நின்றாள். ஜுமானா இருக்கும்போது வாயைத் திறக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஜுமானா போய் உம்மாவின் பின்னால் நின்றாள்.

"மேல அப்படியே அழுக்கா இருக்கே உம்மா," என்றாள். "கொஞ்சம் எட்டித் தொடைங்க."