லெய்டிஸ் போலோ எங்கே?

தன் புருஷனை இழுத்துக்கொண்டு ஓடியவளை நூபியா தேடிக்கொண்டிருந்தாள். அதுவும் ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில்.

பக்கத்து சீட் யேசித் முதலில் நம்பவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து இன்னொரு தரம் எட்டிப் பார்த்தான். லெய்டிஸ் போலோ. அதே பேர்தான்.

பர்ரான்கியா என்ற துறைமுக நகரத்தில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி அது. இன்டர்நெட்டில் ஒருத்தர் பேர் ஏதாவது மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், நூபியா கண்டுபிடித்துவிடுவாள். லெய்டிஸுக்குத் துறைமுகத்தில் சுங்கப் பேப்பர் பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். நூபியாவின் புருஷன் எட்கருக்கும் அதே துறைமுக ஆபீஸ். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இரண்டு பேரும் வேலையை விட்டார்கள். கையோடு ஊரையும் விட்டார்கள்.

"நூபியாக்கா, துறைமுகத்துக்காரங்க சுங்கத்துக்கு ஆள் கேட்டு உயிரை எடுக்கறாங்க. நீங்க என்னடான்னா..."

"தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

பேருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டாள். அதே பேரில் ஒரு பாட்டுக்காரி இருந்தாள். பக்கம் பக்கமாக அவள்தான் வந்தாள். மைனஸ் போட்டு பாட்டு, கச்சேரி எல்லாவற்றையும் தள்ளினாள் நூபியா. ஒன்றும் மிஞ்சவில்லை.

"விட்டுத் தொலைங்கக்கா. இத்தனை நாள் கழிச்சு சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?"

நூபியா பேரை அழித்துவிட்டு, லெய்டிஸின் பழைய போன் நம்பரைப் போட்டாள்.

ஒரே ஒரு விளம்பரம் வந்தது. பக்கத்து ஊர் சாந்தா மார்த்தாவில் வீட்டிலேயே செய்த முட்டை அரேப்பா, அதாவது முட்டை வைத்துப் பொரித்த சோள அடை, ஆர்டர் கொடுத்தால் கிடைக்கும். கீழே அதே நம்பர்.

"மாட்டினா!" என்றான் யேசித், தன்னை அறியாமல்.

நாலைந்து நாற்காலிகள் திரும்பின. நூபியா போனை எடுத்தாள். கீபோர்டு சத்தம் மொத்தமாக நின்றது.

"லெய்டிஸா? நான் நூபியா பேசறேன். வச்சிடாத... அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். சுங்க வேலை மறந்துடலையே?... சரி, திங்கட்கிழமை வந்து துறைமுகத்துல மேனேஜரைப் பாரு. பழைய இடம் இல்ல, இது வேற கம்பெனி... குழந்தையா? கூட்டிக்கிட்டு வா, பாத்துக்கலாம்."

போனை வைத்துவிட்டு, மேனேஜருக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தாள்.

யேசித்துக்குத் தாங்கவில்லை.

"என்னக்கா இது? உங்க குடியைக் கெடுத்தவளுக்கு நீங்களே கூப்பிட்டு வேலை குடுக்கறீங்க?"

"அந்த வேலைக்கு அவளை விட்டா இந்த ஊர்ல ஆள் இல்ல."

"இல்லாட்டிப் போகட்டுமே. அவளுக்கு எட்கர் சோறு போட மாட்டாரா?"

நூபியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எட்கர் போன ஞாயித்துக்கிழமை பெட்டியோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். கதவைச் சாத்திட்டேன். சாத்தினப்புறம்தான் உறைச்சுது, என்னை விட்டுட்டுப் போனப்ப எனக்கு ஒரு சம்பளமாவது வந்துக்கிட்டிருந்துச்சு."