எதிர்வீட்டுப் பையனின் டீச்சர்

மூன்றாம் வகுப்பு ஜன்னலில் தையல்கார அக்கா எட்டிப் பார்த்தபோது, துணை டீச்சர் இன்றைக்கும் எதிர்வீட்டுப் பையனோடுதான் பேசிக்கொண்டிருந்தார். அதே பெஞ்சில், அவர் முதுகுக்கு இந்தப் பக்கம், அக்காவின் மகள் தேமே என்று உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

வகுப்பு டீச்சர் பாடம் நடத்தும்போது, தடுமாறுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கைகொடுப்பதுதான் துணை டீச்சரின் வேலை. இந்த வருடம்தான் வந்திருக்கிறார். அந்தப் பையனோ தெருவில் இருக்கிற கடைப் பலகையெல்லாம் மூச்சுவிடாமல் படிக்கிறான். அக்காவின் மகள் ஒரு வரியைப் படித்தால் அடுத்த வரியைத் தாவிவிடுகிறாள். பின்னே, தனி டீச்சர் வைத்துக்கொண்டால் யார்தான் படிக்க மாட்டார்கள்?

எதிர்வீட்டுக்காரியிடம் ஜாடையாகக் கேட்டும் பார்த்தாள். தனக்கு எதுவும் தெரியாது, பையன் ஒன்றும் சொல்லவில்லையே என்றாளாம் அவள். அழுத்தக்காரி என்று அன்றைக்கே நம் அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

இத்தனைக்கும் அக்கா மகளைக் கவனிக்காதவள் இல்லை. தைத்த துணியில் சாக்பீஸ் கோடு மிச்சம் இருந்தாலே பொறுக்காத கை அது. மகளின் வாசிப்புப் புத்தகத்தில் வரிக்கு வரி பென்சில் புள்ளியாக இருக்கும். சாயங்காலம் ரப்பரை எடுத்தால், கிறுக்கி வைத்ததற்கு ரெண்டு திட்டு திட்டி, புதுப் புத்தகம் போல ஆக்கிவிட்டுத்தான் அடுப்படிக்கே போவாள்.

இன்றைக்குப் பெற்றோர் கூட்டம். பள்ளிக்கூடக் காகிதங்களில் கையெழுத்துப் போடுவதோடு தன் கடமை முடிந்தது என்றிருக்கும் வீட்டுக்காரர்கூட அதிசயமாக வந்திருந்தார். வழியெல்லாம், "அங்க போய் எதையும் கிளறாத, விட்டுடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா விடுகிற ஆளா?

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடியதும் நேராகத் துணை டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பையன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்களே டீச்சர், மத்ததெல்லாம் பிள்ளையாத் தெரியலையா?"

டீச்சர் கோபப்படவில்லை. "நான் யாருக்காக வந்திருக்கேன்னு வகுப்புல தெரிஞ்சா, அந்தப் பிள்ளைய மத்ததுங்க கேலி பண்ணும்மா. அதனால ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார்ந்துகிட்டு, இன்னொரு பிள்ளைகிட்டதான் நிறையப் பேசுவேன்" என்றார்.

அக்காவின் காதில் அது ஏறினால்தானே. எல்லாம் சாக்கு என்றாள். தலைமை ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்து, டீச்சரை வேறு பெஞ்சுக்கு மாற்றாமல் ஓய மாட்டேன் என்றாள்.

வீட்டுக்காரர் தலைக்கு மேல் சுற்றாத மின்விசிறியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஒருமுறை அவரைப் பார்த்தார். பிறகு அக்காவின் மகளுடைய புத்தகத்தை எடுத்து, துளி அழுக்கில்லாத ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தார்.

"வரி தாவாம படிக்கணும்னு உங்க பொண்ணுக்கு நான் தினமும் புள்ளி வெச்சு அனுப்பறேன், வீட்ல யாரும்மா அழிக்கிறது?"